சாயங்காலம் ஏழரை மணிக்கு முடிவெடுக்காதீர்கள்

கேள்வியின் சுருக்கம்: வேலூர் சத்துவாச்சாரியில் வீடு. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வயது 41. மனைவி பள்ளி ஆசிரியை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், கூடவே அம்மா. வீட்டுக் கடன் பாதி அடைந்துவிட்டது, போன வருடம் கார் வாங்கியாயிற்று. "குறை என்று எதுவும் இல்லை. ஆனாலும் நாள் என் கையில் இல்லை. ஒவ்வொரு ஜனவரியும் தீர்மானம் எடுக்கிறேன், பொங்கலைத் தாண்டுவதில்லை. யோசித்து வாழ்வது என்றால் நடைமுறையில் என்ன செய்வது? கிடைக்கிற நிம்மதி எப்படி நிலைக்கும்?"

முதலில் அந்தக் கார். வாங்கிய அன்று இருந்த மகிழ்ச்சி இப்போது இல்லையே என்று உங்கள் மீதே சந்தேகப்பட வேண்டாம். மனித மனம் எல்லாருக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. பிரிக்மன், கேம்பெல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1971-லேயே இதை எழுதினார்கள்: நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் மனம் கொஞ்ச காலத்தில் அதற்குப் பழகி, பழைய நிலைக்கு அருகில் வந்துவிடும். பொருளால் வரும் மகிழ்ச்சி இந்தப் பழக்கத்தில் சீக்கிரம் கரைகிறது.

நிலைத்து நிற்பது எது என்பதற்கு கரோல் ரிஃப் 1989-ல் ஆறு கூறுகளைப் பிரித்துக் காட்டினார். தன்னைத் தான் ஏற்றுக்கொள்வது, மனிதர்களோடு நல்ல உறவு, தன் முடிவைத் தானே எடுப்பது, அன்றாடத்தைச் சமாளிக்கும் பிடி, வாழ்வுக்கு ஒரு நோக்கம், வளர்கிறோம் என்ற உணர்வு. உங்கள் கேள்வியை இந்த ஆறோடு வைத்துப் பார்த்தால் வலி எங்கே என்று தெரிகிறது: "நாள் என் கையில் இல்லை" என்பது மூன்றாவதும் நான்காவதும். இன்னும் சம்பாதிப்பதாலோ, தியான வகுப்பில் சேர்வதாலோ அது முதலில் சரியாகாது. உங்கள் நாளின் முடிவுகளை யார், எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதை மாற்றினால் சரியாகும்.

இப்போது அவற்றை எடுப்பது களைத்துப்போன நீங்கள். ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, போனை எப்போது கீழே வைப்பது, கேட்டவருக்குக் கடன் கொடுப்பதா, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் போவதா எல்லாமே சாயங்காலம் ஏழரை மணிக்கு, பஸ்ஸில் இருந்து இறங்கிய அலுப்பில் முடிவாகிறது. யோசித்து வாழ்வது என்பதன் சாரம், அந்த முடிவுகளைத் தெளிவாக இருக்கும் நேரத்தில் முன்கூட்டியே எடுத்து, மணியோடும் இடத்தோடும் முடிச்சுப் போட்டு வைப்பது. இனி சொல்வதெல்லாம் அந்த முடிச்சைப் போடும் முறை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எழுத வேண்டும். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாளில் நான்கு முறை, காலை 10, மதியம் 2, இரவு 7.30, தூங்கும் முன், கடைசியாக எழுதியதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. பக்கத்தில் ஒரு எண்: மனமும் உடம்பும் தெம்பாக இருந்தால் +2, சோர்ந்து கிடந்தால் -2, நடுவில் உள்ளது நடுவில். நான்கையும் ராத்திரி மொத்தமாக எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு. அப்போது அன்றைய கடைசிச் சண்டையின் நிறம் முழு நாளுக்கும் ஏறிவிடும். முகூர்த்தம் உள்ள வாரத்தையும் ஆர்டர் அனுப்பும் நெருக்கடி வாரத்தையும் இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண வாரம்தான் உங்கள் வாழ்க்கையில் அதிகம்.

வாரக் கடைசியில் கணக்குப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். காலை 7.45-க்குக் கம்பெனி பஸ் ஏறி இரவு 7.15-க்கு இறங்கினால் நாளுக்கு பதினொன்றரை, ஆறு நாளுக்கு 69. தூக்கம் ஏழு மணி வீதம் 49. மீதி 50. குளியல், சாப்பாடு, கடை கண்ணி என்று நாளுக்கு இரண்டரை மணி போனால் இன்னும் 32.5 மணி நேரம் இருக்கிறது. போனில் தினம் இரண்டரை மணி நேரம் போகிறது என்று வைத்தால் அதில் 17.5 கரைந்தது. "நேரமே இல்லை" என்பது இந்த நோட்டில் உடையும். நேரம் இருக்கிறது, ஆனால் இருபது நிமிடத் துண்டுகளாகச் சிதறி, எந்த வேலைக்கும் போதாதபடி கிடக்கிறது. +2 வந்த வரிகளை மட்டும் அடிக்கோடு இட்டுப் பாருங்கள். அவை பெரும்பாலும் ஆளோடு இருந்த நேரம், உடம்பு அசைந்த நேரம், கையால் ஒன்றைச் செய்து முடித்த நேரம் என்றே இருக்கும்.

அடுத்து, என்ன வேண்டும் என்பதை எழுதும் விதம். "எடை குறைய வேண்டும்", "குடும்பத்தோடு இருக்க வேண்டும்" என்றெல்லாம் எழுதினால் அவை ஆசைகள். நாளைக் காலையில் செய்வதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை. ஒரு வருடம் கழித்து வரும் ஒரு சாதாரண புதன்கிழமை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். "எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்திருப்பேன். பத்தரைக்கு விளக்கு அணைந்திருக்கும்." இதைச் செய்தோமா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லிவிடலாம். உடம்பு, வீட்டு மனிதர்கள், பணம், வேலை, தனக்கென்று ஒன்று (படிப்போ, பக்தியோ, ஊர்ச் சேவையோ) என ஐந்துக்கும் இப்படி ஒரு வரி எழுதிவிட்டு, நான்கை ஒதுக்கி வையுங்கள். ஒன்றை மட்டும் தொடங்குங்கள்.

ஏன் ஒன்று? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-ல் வெளிவந்தது. ஒரு புதுச் செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாவதற்கு நடுவாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாள் போதும் என்ற பேச்சை நம்பிய பலர் 22-ஆம் நாள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆய்வில் இன்னொரு நல்ல சேதியும் உண்டு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் கெடவில்லை.

இந்த 66-ஐ நம் ஊர்க் காலண்டரில் வைத்துப் பாருங்கள், உங்கள் ஜனவரித் தீர்மானம் ஏன் விழுகிறது என்று புரியும். ஒன்றாம் தேதி தொடங்கினால் இரண்டே வாரத்தில் போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். வேர் பிடிக்காத நாற்றின் மேல் வெள்ளம் போன மாதிரி. காணும் பொங்கல் முடிந்து ஜனவரி 20 வாக்கில் தொடங்கினால் மார்ச் கடைசிக்குள் 66 நாள் நிறைந்துவிடும், வெயில் ஏறுவதற்கு முன்பே. அதை விட்டால் அடுத்த நல்ல காலம் ஆவணி முதல் தேதி: ஆடித் திருவிழாக்கள் ஓய்ந்திருக்கும், சாயங்கால மழையில் இரவும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும், தீபாவளிக்குள் பெரும்பகுதியைத் தாண்டிவிடலாம். வேலூரில் மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் காயும்போது தூக்கப் பழக்கத்தையோ நடைப் பழக்கத்தையோ புதிதாகத் தொடங்குவது வீண் பாடு.

ஐந்தில் எதை முதலில் எடுப்பது? எல்லாரும் காலை நடையைச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் இரவுச் சாப்பாட்டைத்தான் சொல்வேன். உங்கள் சாயங்காலம் ஒரு சங்கிலி. ஏழேகாலுக்கு இறங்கும்போதே அகோரப் பசி, பஸ் ஸ்டாப் பக்கத்தில் போண்டாவும் டீயும், அதனால் எட்டரைக்குப் பசி இல்லை, சோபாவில் போன், பத்து மணிக்குச் சாப்பாடு, வயிறு நிறைந்து படுத்தால் தூக்கம் வராது, மறுபடி போன், பன்னிரண்டு மணி. காலையில் ஆறுக்கு எழுந்தால் ஆறு மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அந்தக் குறையோடு போய் லைனில் நின்றால் எரிச்சல், எரிச்சலோடு வந்தால் மறுபடி போண்டா. காலை நடையை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மாட்டினால் அது தூக்கத்தில் இருந்துதான் இன்னும் அரை மணியைத் திருடும். அதனால்தான் பத்து நாளில் நிற்கிறது.

வெட்ட வேண்டிய கண்ணி மாலை ஐந்து மணியில் இருக்கிறது. ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை (வேர்க்கடலை), அல்லது கொஞ்சம் சுண்டல், ஒரு டப்பாவில். கம்பெனியில் ஐந்து மணிக்குச் சாப்பிடுங்கள். இறங்கும்போது வயிறு கத்தாது. கடைசி டீ நான்கு மணி பிரேக்கில். டீயில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழரை மணி டீயின் பாதி நள்ளிரவு தாண்டியும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்.

எட்டரைக்குச் சாப்பாடு என்றால் அதைச் சமைப்பது யார் என்ற கேள்வி உடனே வரும். பல ஆண்களின் ஒழுங்கான வாழ்க்கைத் திட்டம் மனைவியின் முதுகில் ஓடுகிறது. உங்கள் மனைவியும் பகல் முழுக்க வகுப்பில் நின்றுவிட்டு வருபவர். ஆகவே உங்கள் திட்டத்தில் உங்கள் பங்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஞாயிறு காலை உழவர் சந்தைக்குப் போய் வாரத்துக் காய், கீரை வாங்கி வருவது, மறுநாளுக்கான காயை இரவே நறுக்கி வைப்பது, சாப்பிட்டதும் பாத்திரம் கழுவுவது. சாப்பாடும் எளிதாக இருக்கட்டும். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் வாரம் இரண்டு இரவு, இலவம்பாடி முள் கத்திரிக்காய் கிடைக்கும் நாளில் அதைப் போட்டுக் குழம்பு, மற்ற நாளில் இட்லியோ சப்பாத்தியோ. களி என்றால் சர்க்கரை ஏறாது என்று நினைத்து இரண்டு உருண்டை வைத்துக்கொள்பவர்கள் நிறைய. அதுவும் மாவுச்சத்துதான், ஒரு சின்ன உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரை. காயும் பழமும் சேர்த்து நாளுக்கு 400 கிராம், உப்பு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 5 கிராம் என்பது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் தினம் இருக்கும் வீட்டில் அது மத்தியானத்திலேயே தீர்ந்துவிடும்.

முடிச்சைப் போடும் வாக்கிய அமைப்பு முக்கியம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் விளக்கிய முறை இது: "இது நடந்தால், இதைச் செய்வேன்." இலக்கை மட்டும் வைத்திருப்பவர்களைவிட இப்படி எழுதி வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு: "வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும், போனை ஷெல்பில் சார்ஜில் போட்டுவிட்டு நேராகக் குளிக்கப் போவேன்." செருப்பு தினமும் கழறும், அதனால் அது நல்ல ஆணி. "வேலை முடிந்து ஓய்வாக இருந்தால்" என்பது மோசமான ஆணி, அது எந்நாளும் வராது. கூடவே மோசமான நாளுக்கு ஒரு குட்டி வடிவம் வையுங்கள். பஸ் தாமதமாகி ஒன்பது மணிக்கு வந்தால் அன்று சாப்பாடு இரண்டு இட்லி மட்டும், பத்தே முக்காலுக்குப் படுக்கை. முழுசாகச் செய்ய முடியாத நாளில் ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் பெரும்பாலான பழக்கங்கள் சாகும் இடம்.

போனைப் பற்றி இன்னும் கொஞ்சம். மன உறுதியால் அதை ஜெயிக்க முயலாதீர்கள், தூரத்தால் ஜெயியுங்கள். சார்ஜர் படுக்கையறையில் இருக்கக் கூடாது. அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன் என்றால் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். கம்பெனி குரூப், சொந்தக்கார குரூப் எல்லாவற்றிலும் இரவு சத்தத்தை நிறுத்திவிட்டு, "அவசரம் என்றால் கூப்பிடுங்கள்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். மணி அடித்தால் எடுக்கலாம். முதல் வாரம் கை தானாக ஷெல்பைத் தேடும். அந்த இடத்தை நிரப்ப ஏதாவது தயாராக இல்லையென்றால் நான்காம் நாள் போன் திரும்பி வந்துவிடும். பிள்ளைகளோடு கேரம், அம்மாவோடு மொட்டை மாடியில் அரை மணி என்று முன்பே முடிவாகி இருக்கட்டும்.

கோடையில் அந்த மாடியே பிரச்சினை. பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் கூரை இரவில் கீழே விடும். மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட்டிங் மார்ச்சுக்கு முன்பே அடித்துவிட்டால் அறைச் சூடு குறையும். தண்ணீர் வசதி இருந்தால் வெயில் தாழ்ந்தபின் இரண்டு குடம் தெளியுங்கள். படுப்பதற்கு அரை மணி முன் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓட விடுங்கள். தூக்கம் என்பது நம் ஊரில் பாதி மனசு, பாதி கூரை.

சாப்பாடும் தூக்கமும் நிலைத்த பிறகு, அதாவது இரண்டாவது சுற்றில், நடை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகம், அதாவது 30 நிமிடம் ஐந்து நாள். கூடவே தசைக்கு வேலை தரும் பயிற்சி இரண்டு நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகத்துக்கு எளிய அளவுகோல். மே கடைசியில் 5.45 வாக்கில் சூரியன் உதிக்கும், ஜனவரியில் 6.40 ஆகும், எனவே ஒரே மணியை வருடம் முழுவதும் பிடித்துத் தொங்க வேண்டாம். சர்வீஸ் ரோட்டுப் புழுதியில் நடப்பதைவிட உள்தெருக்கள் நல்லது. ஞாயிறு மட்டும் கோட்டை மைதானத்துக்கு வந்து அகழி ஓரமாக முக்கால் மணி நேரம் நடக்கலாம். சோளிங்கர் மலையின் 1,305 படியை முதல் மாதத்திலேயே ஏறிக் காட்ட வேண்டியதில்லை, முட்டி பழகட்டும். 40 தாண்டிய வயதில் தொடங்கும் முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ இடது கை வலியோ வந்தால் உடனே நின்று, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பணத்தில் உங்கள் நிம்மதியைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய செலவு இல்லை, எதிர்பார்க்காததாக நாம் பாவிக்கும் செலவு. மொய்யை எடுத்துக்கொள்ளுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் வருடா வருடம் வருகின்றன, ஆனால் ஒவ்வொரு பத்திரிகையும் திடீர்ச் செலவு மாதிரி நம்மைத் தாக்குகிறது. போன வருட மொய்க் கணக்கை எடுங்கள். தெரிந்தவர் வீட்டில் 500 வீதம் 30 கல்யாணம் 15,000, நெருங்கிய சொந்தம் மூன்று வீட்டில் 5,000 வீதம் 15,000, மொத்தம் 30,000 என்றால் மாதம் 2,500. சம்பளம் ஏழாம் தேதி என்றால் எட்டாம் தேதியே அது தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். எந்த உறவுக்கு எவ்வளவு என்பதையும் மனைவியோடு உட்கார்ந்து முன்பே எழுதிவிட்டால் மண்டப வாசலில் கவரைப் பிரித்து இன்னொரு நோட்டைச் சேர்க்கும் தடுமாற்றம் இருக்காது.

அவசரத்துக்கென்று மூன்று மாத வீட்டுச் செலவு சேரும் வரை வேறு எந்தச் சீட்டும் புதிதாகக் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. கையில் அது இல்லாதவர்தான் மூன்று வட்டிக்குப் போகிறார். மூன்று வட்டி என்றால் லட்சத்துக்கு மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. அசல் அப்படியே நிற்கும். 3,000 ரூபாய்க்கு மேல் ஏதாவது வாங்க ஆசைப்பட்டால் பெயரையும் தேதியையும் காலண்டரில் எழுதி 30 நாள் விடுங்கள். பாதி ஆசைகள் தாமாக உதிரும். மீதியை மனம் கோணாமல் வாங்கலாம்.

உறவுகளைக் கடைசியில் சொல்கிறேனே தவிர, எடையில் அதுவே முதல். ஹார்வர்டில் 1938-ல் தொடங்கிப் பல தலைமுறை ஆய்வாளர்கள் கைமாற்றி நடத்திவரும் ஆய்வு ஒன்று, வயதான காலத்து உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்கும் நெருங்கிய உறவுகளின் தரம் எவ்வளவு முக்கியம் என்று மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது. அதை மணிக்கணக்கில் இறக்குங்கள். அம்மாவுக்குத் தினம் 20 நிமிடம், கையில் எதுவும் இல்லாமல். மனைவியோடு வாரம் ஒரு முறை, பிள்ளைகள் படிப்பும் வீட்டுச் செலவும் பேசாத ஒரு நடை. பழைய நண்பர்களுக்கு, கம்பெனி பஸ்ஸின் திரும்பும் வழியில் நாளுக்கு ஒரு போன்.

நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது கடினம். அதற்கும் வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ஓவர்டைமோ கைமாற்றோ யாராவது கேட்டால்: "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குக் காலையில சொல்றேங்க." ஒரு இரவு கிடைக்கிறது. காலையில் வருவது உங்கள் பதிலாக இருக்கும்.

திருவிழாவையும் கூத்தையும் இந்தத் திட்டத்துக்கு எதிரியாக்க வேண்டாம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போகிறீர்கள், சொந்த ஊரில் விடிய விடிய பாரதக் கூத்து பார்க்கிறீர்கள் என்றால் காலண்டரில் முன்பே அந்த நாளைச் சுழித்து வையுங்கள், அன்று விடுமுறை. சேர்த்தே எழுத வேண்டியது திரும்பும் நாள்: "மறுநாள் இரவு எட்டரைக்குச் சாப்பாடு." திட்டமிட்டு விட்ட நாள் யாரையும் கெடுப்பதில்லை. திரும்பும் நாளைக் குறிக்காமல் விட்டதுதான் கெடுக்கும்.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, தூக்கமும் பசியும் போய்விட்டது, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அது நோட்டும் அலாரமும் தீர்க்கும் விஷயம் இல்லை. மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைக்கும் போகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மேற்பார்வைக்கு மாதம் ஒரு முறை அரை மணி போதும். வீட்டில் அமாவாசை பார்ப்பவர்கள் என்றால் அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள், தனியாக ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் மனைவியோடு நோட்டை எடுத்து மூன்று கேள்வி: எத்தனை நாள் நடந்தது, நடக்காத நாளில் எந்த இடத்தில் அறுந்தது, இதனால் வீட்டில் யாருக்காவது சுமை கூடியதா. முப்பதில் இருபது நாளுக்குக் குறைவாக நடந்திருந்தால் செயலைப் பாதியாக்குங்கள், எட்டரையை ஒன்பது ஆக்குங்கள், ஆனால் செருப்பு என்ற ஆணியை மாற்றாதீர்கள். மூன்றாவது கேள்விக்கு மனைவி ஆம் என்றால், நீங்கள் எத்தனை நாள் செய்திருந்தாலும் அந்த மாதம் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தொடர்ந்து இரண்டு அமாவாசை இருபத்தைந்து நாளுக்கு மேல் வந்தால், ஒதுக்கி வைத்த நான்கில் இருந்து அடுத்ததை எடுங்கள்.